ஜென்டில் ஜயன்ட்: இன்னும் கொஞ்சம் கவனம் கிடைத்திருக்க வேண்டாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் குழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் தொண்டை மிச்சம். நான் நடுநிலையாளன் இல்லை. ஆனால் கண்மூடித்தனமான பக்தனும் இல்லை. குழுவின் கடைசி மூன்று ஆல்பங்களைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படித்தால் புரியும்.

யார் இந்த ஜென்டில் ஜயன்ட்?

1970-இல் தொடங்கி 1980-இல் கலைந்த பிரிட்டிஷ் புரோகிரெசிவ் ராக் (சுருக்கமாக 'புரோக்') குழு. பதினொரு ஸ்டுடியோ ஆல்பங்கள். அவர்கள் இயங்கிய காலத்திலேயே வந்த ஒரு மேடைப் பதிவு ஆல்பமும் உண்டு. மையத்தில் ஷுல்மன் சகோதரர்கள் மூவர்: ஃபில், டெரெக், ரே. அப்பா எக்காளம் ஊதும் ஜாஸ் கலைஞர். வீட்டில் வாத்தியங்களுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் ஒன்றைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துப் பழகியவர்கள். அவர்களோடு சேர்ந்தவர்கள் இருவர்: லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் இசையமைப்புப் படித்துவிட்டு வந்த கெர்ரி மின்னியர், புளூஸ் வாசித்துக்கொண்டிருந்த கிதார்காரர் கேரி கிரீன். டிரம்ஸில் முதலில் மார்ட்டின் ஸ்மித், பிறகு ஒரே ஒரு ஆல்பத்துக்கு மால்கம் மார்ட்டிமோர், 1972 முதல் கடைசிவரை ஜான் வெதர்ஸ். 'ஆக்டோபஸ்' ஆல்பத்துக்குப் பிறகு ஃபில் விலகியதால் மிச்சம் ஐந்து பேர்.

புரோகிரெசிவ் ராக் என்றால் இருபது நிமிடப் பாட்டு, மந்திரவாதி, விண்வெளி, அதுதானே?

அந்தப் பெயர் அந்த வகைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. நியாயமான பெயர்தான், வேறு பல குழுக்களுக்கு. ஜென்டில் ஜயன்டின் ஸ்டுடியோ ஆல்பங்களில் பத்து நிமிடத்தைத் தொடும் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. 'ஆக்டோபஸ்' ஆல்பத்தில் எட்டுப் பாட்டு. மொத்தமும் ஏறக்குறைய முப்பத்து நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். மற்றவர்கள் ஒரு பக்க இசைத்தட்டு முழுக்க விரித்துப் போடும் சரக்கை இவர்கள் நான்கு நிமிடத்துக்குள் மடித்து வைத்துவிடுவார்கள். இவர்களின் பலமும் அதுதான், வினையும் அதுதான்.

முன்பு பாப் குழுவாக இருந்தவர்களாமே?

ஆமாம். 'சைமன் டூப்ரீ அண்ட் தி பிக் சவுண்ட்' என்ற பெயரில் 1960-களில் ஷுல்மன் சகோதரர்கள் வாசித்தார்கள். அந்தப் பெயரில் வந்த 'கைட்ஸ்' 1967-இல் பிரிட்டிஷ் தரவரிசையில் ஒன்பதாவது இடம் வரை போனது. பாட்டு ஓடியது, அவர்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு சுற்றுப்பயணத்தில் அவர்களுக்குக் கீபோர்டு வாசித்தவர் ரெஜினால்டு ட்வைட் என்ற இளைஞர். பிற்காலத்தில் உலகம் அவரை எல்டன் ஜான் என்று அழைத்தது. 1968-இல் 'தி மோல்ஸ்' என்ற புனைபெயரில் இவர்கள் ஒரு சிங்கிள் வெளியிட்டபோது, மாறுவேடத்தில் வந்திருப்பது பீட்டில்ஸ்தான் என்று வதந்தி கிளம்பிய கதையும் உண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'இவர்களுக்கு ஹிட் கொடுக்கத் தெரியாது' என்று சிலர் சொல்வதுண்டு. தெரியும். ஒரு தடவை கொடுத்துப் பார்த்தார்கள், அந்த ருசி ஒத்துக்கொள்ளவில்லை. 1971-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் உறையிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்: பிரபலமே ஆகாமல் போகும் அபாயம் இருந்தாலும் வெகுஜன இசையின் எல்லைகளை விரிப்பதுதான் எங்கள் குறிக்கோள் என்று. குறிக்கோள், அபாயம் இரண்டுமே நிறைவேறின.

புரோக் ரசிகர்கள் எல்லாருக்கும் தெரிந்த குழுதானே? இதைப் போய் 'தெரியாத குழு' என்பதா?

சரியான குறுக்குக் கேள்வி. பழைய இசைத்தட்டுகளைத் தேடி அலைகிறவர்களிடம் போய் ஜென்டில் ஜயன்ட் தெரியுமா என்று கேட்டால் முறைப்பார்கள். ஆனால் அந்த வட்டத்தை விட்டு இரண்டு அடி வெளியே வைத்தால் போதும். பிங்க் ஃபிளாய்ட், ஜெனிசிஸ், யெஸ் என்று மூன்று பெயரைச் சொல்லும் சாதாரண ராக் ரசிகருக்கு நாலாவதாக இந்தப் பெயர் வராது.

ஒரு கணக்கு. 1972-இல் ஜெத்ரோ டல் குழுவின் 'திக் ஆஸ் எ பிரிக்' அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம். யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' மூன்றாமிடம். ஜென்டில் ஜயன்ட் அங்கே எட்டிய அதிகபட்ச உயரம் 48, அதுவும் 1975-இல் 'ஃப்ரீ ஹேண்ட்' ஆல்பத்துக்கு. டல்லும் இவர்களும் ஒரே மேடையில் அடுத்தடுத்து வாசித்தவர்கள் என்பதை நினைத்தால் இந்த இடைவெளி இன்னும் உறுத்தும்.

அப்படி என்னதான் செய்தார்கள்? ஒரு பாட்டை வைத்துச் சொல்லுங்கள்.

'ஃப்ரீ ஹேண்ட்' ஆல்பத்தில் இருக்கும் 'ஆன் ரிஃப்ளெக்ஷன்'. வாத்தியமே இல்லாமல் ஒரு குரல் தொடங்குகிறது. அது தன் வரியை முடிப்பதற்குள் இரண்டாவது குரல் அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறது. பிறகு மூன்றாவது. பிறகு நான்காவது. ஒருவர் வரி முடிகிற இடம் இன்னொருவர் வரிக்கு நடு இடம். ஐரோப்பிய செவ்வியல் இசையில் இதற்கு ஃபியூக் என்று பெயர். இசையமைப்பாளர் பாக் காலத்துத் தேவாலயச் சமாச்சாரம். அதை ராக் குழு ஒன்று, டிரம்ஸ் கூட இல்லாமல், பாட்டின் வாசலிலேயே வைக்கிறது.

வித்தை காட்டவா? அப்படித்தான் நானும் முதலில் நினைத்தேன். வரிகளைக் கவனித்தபோது எண்ணம் மாறியது. முடிந்துபோன ஓர் உறவைத் திரும்பிப் பார்க்கிறான் ஒருவன். நான் உன்னைப் பயன்படுத்திக்கொண்டேனா, தவறு யாருடையது என்ற கேள்விகள் அவனைச் சுற்றுகின்றன. இரவில் தூக்கம் வராமல் பழையதை யோசிக்கிறவன் மனதில் கேள்விகள் வரிசையில் நின்றா வரும்? ஒன்று முடியும் முன்பே அடுத்தது, முதலாவது மறுபடியும், மூன்றாவது குறுக்கே. அந்த நான்கு குரலும் ஒரே ஆளின் தலைக்குள் ஓடுவது.

பிறகு எல்லாம் அடங்கி, கெர்ரி மின்னியரின் மெல்லிய குரல் தனியாக ஒரு நிதானமான பகுதியைப் பாடும். கடைசியில் முதலில் குரல்கள் பாடிய அதே பின்னல் வாத்தியங்களுக்குக் கைமாறும். ஆறு நிமிடத்துக்குள் இவ்வளவும்.

மேடையில் இதை எப்படி வாசித்தார்கள்? ஸ்டுடியோவில் ஒட்டிச் செய்ததாக இருக்குமே.

அங்கேதான் பலர் வாயடைத்துப் போவார்கள். 1976 ஐரோப்பியப் பயணத்தில் பதிவாகி 1977-இல் வந்த 'பிளேயிங் தி ஃபூல்' கேளுங்கள். 'ஆன் ரிஃப்ளெக்ஷன்' மேடையில் தலைகீழாகத் தொடங்கும். வயலின், செல்லோ, ரெக்கார்டர் என்ற புல்லாங்குழல் வகை, வைப்ரஃபோன் என்று ஆளுக்கொன்றை எடுத்து முதலில் வாசித்துவிட்டு, பிறகு எழுந்து நின்று அதே சிக்கலை வாயால் பாடுவார்கள்.

காணொளிகளும் இருக்கின்றன. 1974-இல் ஜெர்மன் தொலைக்காட்சிக்கு வாசித்ததும், 1978-இல் பிபிசிக்கு வாசித்ததும். பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: இவர்கள் கைகள் சும்மா இருப்பதே இல்லை. ரே பாஸ் கிதாரை இறக்கிவிட்டு வயலினை எடுக்கிறார். கெர்ரி கீபோர்டிலிருந்து நகர்ந்து செல்லோவோடு உட்காருகிறார். கொஞ்ச நேரத்தில் ஐந்து பேரும் ஆளுக்கொரு தாளவாத்தியத்தின் முன்னால் நிற்கிறார்கள். இத்தனைக்கும் சர்க்கஸ் மாதிரி இருக்காது. சமையலறையில் ஐந்து பேர் முட்டிக்கொள்ளாமல் வேலை பார்ப்பது மாதிரி இருக்கும்.

எனக்கு 'நாட்ஸ்' கேட்டபோது தலை வலித்தது. என் காதில் கோளாறா?

உங்கள் காதில் ஒன்றுமில்லை. நான் அதை முதல் தடவை கேட்டபோது இரண்டு பாட்டுகள் தவறுதலாக ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்று நினைத்து பிளேயரைப் பார்த்தேன்.

அது 'ஆக்டோபஸ்' ஆல்பத்தில் வருகிறது. ஆர்.டி. லெயிங் என்ற உளவியல் மருத்துவர் 1970-இல் 'நாட்ஸ்' என்ற தலைப்பிலேயே ஒரு புத்தகம் எழுதினார். மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதாக நினைத்துக்கொண்டு போட்டுக்கொள்ளும் முடிச்சுகளைப் பற்றியது. அதிலிருந்துதான் பாட்டுக்கான தூண்டுதல். ஆகவே ஒரு வாக்கியத்தை ஒருவர் முழுதாகப் பாடுவதில்லை. ஒரு சொல் இவரிடம், அடுத்த சொல் அவரிடம், பாதி அசை இன்னொருவரிடம். வாக்கியத்தைக் கேட்கிறவர்தான் கோத்துக்கொள்ள வேண்டும். முடிச்சைப் பற்றிய பாட்டு முடிச்சாகவே இருக்கிறது.

இந்தக் குழுவுக்குப் புதியவர் இதிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது, அவ்வளவுதான். தீவிர ரசிகர்கள் பலர் செய்யும் பெரிய தப்பு இது. நண்பரை மயக்க வேண்டும் என்று கிளம்பி, இருப்பதிலேயே கரடுமுரடான பாட்டைப் போட்டுக் காட்டி, ஆளை நிரந்தரமாக விரட்டிவிடுவார்கள்.

சிக்கலுக்காகவே சிக்கல் செய்தவர்கள் என்ற குற்றச்சாட்டு?

சில இடங்களில் உண்மை. முழுசாக உண்மை இல்லை. சிக்கல் பாட்டின் பொருளுக்கு வேலை செய்கிறதா என்பதுதான் என் அளவுகோல்.

1973-இன் 'இன் எ கிளாஸ் ஹவுஸ்' கண்ணாடி உடையும் சத்தத்தோடு தொடங்குகிறது. சத்தம் மறுபடி மறுபடி வந்து, கொஞ்ச நேரத்தில் அதுவே தாளமாகிவிடுகிறது. அந்தத் தாளத்தின்மேல்தான் முதல் பாட்டு ஏறி உட்காருகிறது. உடைசல்தான் அஸ்திவாரம். அதே ஆல்பத்தில் மனநலக் காப்பகத்தில் இருக்கும் ஒருவரின் தாலாட்டு ஒன்று, குரல்களையும் தட்டி வாசிக்கும் வாத்தியங்களையும் மட்டுமே வைத்துச் செய்தது. கிதார் இல்லை, டிரம்ஸின் வழக்கமான ஓட்டம் இல்லை. நினைவு அங்கங்கே சொட்டுகிற மாதிரி மணிகளும் மரக்கட்டைகளும் ஒலிக்கும். சங்கீதப் பரீட்சைக்கு எழுதியவர் இதை இப்படிச் செய்திருக்க மாட்டார்.

மாறாக, 1976-இன் 'இன்டர்வியூ' ஆல்பத்தில் சில இடங்களில் கணக்கு இருக்கிறது, காரணம் தெரியவில்லை. ஐந்து பேரும் களைத்துப்போனது காதில் விழும்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இவர்களிடம் விளையாட்டுத்தனம் நிறைய. 'தி பாய்ஸ் இன் தி பேண்ட்' சிரிப்புச் சத்தத்தோடும் மேசைமேல் சுற்றிவிட்ட நாணயத்தின் கிறுகிறுப்போடும் தொடங்கும். நாணயம் விழுந்து அடங்குவதும் இசை பாய்வதும் ஒன்றாக நடக்கும். 'டைம் டு கில்' பாட்டின் வாசலில் கேட்கும் டக்-டொக் சத்தம் அந்தக் காலத்து 'பாங்' வீடியோ கேமுடையது. 'ஜஸ்ட் தி சேம்' விரல் சொடுக்கில் ஆரம்பித்து, சொடுக்கு ஒரு கணக்கிலும் மற்றதெல்லாம் வேறு கணக்கிலும் போய், தாளத்தின் முதல் தட்டு எங்கே என்று தேடவைக்கும். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு செய்யும் வேலையா இது?

பாட்டு வரிகள் எப்படி?

ஏற்ற இறக்கம் உண்டு. 'த்ரீ ஃப்ரெண்ட்ஸ்' ஆல்பம் (1972) பள்ளியில் ஒன்றாகப் படித்த மூன்று நண்பர்களின் கதை. ஒருவன் சாலை போடும் கூலியாள், ஒருவன் ஓவியன், ஒருவன் அலுவலகத்தில் பெரிய பதவி. அரக்கனும் இல்லை, விண்கலமும் இல்லை. வர்க்கம் மனிதர்களை எப்படிப் பிரித்துப் போடுகிறது என்பதை 1972-இல் ஒரு புரோக் குழு பேசியது என்பதே எனக்கு ஆச்சரியம். 'எ டாக்ஸ் லைஃப்' அவர்களுடைய சாமான்களைச் சுமந்த ரோடிகளைப் பற்றியது. மேடைக்குப் பின்னால் நிற்பவர்களுக்குப் பாட்டு எழுதிய குழு எத்தனை?

பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் ராபலேயின் பாத்திரங்களும் இரண்டு பாட்டுகளில் வருவார்கள். குழுவின் பெயரில் ராட்சதன் இருப்பதற்கு அவை நல்ல துணை. சில வரிகள் மரத்தை மெல்லுகிற மாதிரி இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு நல்லவர்கள் ஏன் எடுபடவில்லை?

'பங்க் என்ற எளிய, முரட்டு ராக் அலை வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது' என்பது எல்லாரும் ஒப்பிக்கும் பதில். எனக்கு அது ஒப்பவில்லை. பங்க் வந்தது 1976, 77-இல். அதற்கு முன் ஆறு வருடம் இவர்களுக்கு யார் குறுக்கே நின்றார்கள்?

முதல் காரணம் இசையிலேயே இருக்கிறது. ஒரு நல்ல மெட்டு கையில் கிடைத்தால் மற்றவர்கள் அதை நாலு தடவை திருப்பிப் பாடி உங்கள் வாயில் ஒட்ட வைப்பார்கள். இவர்கள் ஒரு தடவை காட்டுவார்கள், பிறகு அதைத் திருகி, கவிழ்த்து, வேறு வாத்தியத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். வேலைக்குப் போகும் வழியில் முணுமுணுக்க ஒன்றும் மிஞ்சாது. வானொலிக்குத் தேவையான மூன்று நிமிட ஹிட்டும் இல்லை, பின்னிரவு எஃப்எம் நிலையங்கள் விரும்பிய இருபது நிமிடப் பயணமும் இல்லை. வியாபாரக் கணக்கில் இரண்டுங்கெட்டான்.

இரண்டாவது, முகம். ஜெனிசிஸ் என்றால் பூத்தலையோடு நின்ற பீட்டர் கேப்ரியல், டல் என்றால் ஒற்றைக்காலில் புல்லாங்குழல் ஊதிய இயன் ஆண்டர்சன். இங்கே யார்? ஐந்து பேரும் சமம். பத்திரிகை அட்டைக்கு ஐந்து சமமானவர்கள் உதவ மாட்டார்கள்.

மூன்றாவது, கம்பெனிகள். 'இன் எ கிளாஸ் ஹவுஸ்' ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட அங்கிருந்த நிறுவனம் மறுத்துவிட்டது, விற்காது என்று. ரசிகர்கள் இறக்குமதித் தட்டுகளைத் தேடித் தேடி வாங்கினார்கள். அவர்களுக்கு அங்கே வாசல் திறக்கத் தொடங்கிய நேரம் பார்த்து இப்படி.

நான்காவது, பொருந்தாத ஜோடி. 1972-இல் அமெரிக்காவில் ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சப்பத்துக்கு முன்னால் இவர்களை ஏற்றிவிட்டார்கள். ஹாலிவுட் பவுலில் அமைதியான பாட்டு ஒன்றின் நடுவே மேடைமேல் வெடியை வீசி எறிந்தார்கள். கனமான கிதாருக்காகக் காத்திருக்கும் கூட்டத்தின் முன்னால் வயலினும் செல்லோவும் எடுத்து வைத்தால் வேறென்ன நடக்கும்?

இத்தாலியில் நிலைமை வேறு. அங்கே கொண்டாடினார்கள். சொந்த நாட்டில்தான் கண்டுகொள்ளவில்லை.

மூத்தவர் ஃபில் போன பிறகு தரம் குறைந்துவிட்டதா?

1972-இன் 'ஆக்டோபஸ்' முடிந்து அவர் விலகினார். தம்பிகளைவிட ஒன்பது வயதுக்கு மேல் பெரியவர், குடும்பஸ்தர். மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றும் பிழைப்பு ஒத்துவரவில்லை. சாக்ஸபோனும் புத்தக வாசனையும் அவரோடு போயின. ஆனால் மிச்சம் இருந்த ஐந்து பேர் அடுத்துச் செய்த மூன்று ஆல்பங்கள்தான் என் கணக்கில் உச்சம்: 'இன் எ கிளாஸ் ஹவுஸ்', 'தி பவர் அண்ட் தி குளோரி', 'ஃப்ரீ ஹேண்ட்'. ஜான் வெதர்ஸின் டிரம்ஸ் அதற்குப் பெரிய காரணம். மேலே எத்தனை பின்னல் போனாலும் கீழே அந்த மனிதர் கட்டைபோல நின்று அடிப்பார். அவர் இல்லாவிட்டால் இந்த இசை காற்றில் பறந்திருக்கும்.

கடைசி மூன்று ஆல்பங்கள்?

'தி மிஸ்ஸிங் பீஸ்' (1977): பாதி தேறும். 'ஜயன்ட் ஃபார் எ டே' (1978): உறையில் ராட்சதனின் முகம் முகமூடியாக வெட்டி எடுத்துக்கொள்ளும்படி அச்சாகியிருக்கும். அந்த அட்டைதான் அதில் சிறந்த அம்சம். 'சிவிலியன்' (1980): நேர்த்தியான, யார் வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய ராக். ஹிட்டை வேண்டாம் என்று வந்தவர்கள் கடைசியில் ஹிட்டைத் தேடிப் போனார்கள், அதற்குள் அந்தக் கை விட்டுப்போயிருந்தது. 1980 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ராக்ஸி அரங்கில் கடைசியாக வாசித்தார்கள். அதோடு சரி. பழைய ரசிகர்களுக்காக மறுபடி ஒன்றுகூடி உலகம் சுற்றும் வேலையை இவர்கள் செய்யவே இல்லை. அவர்களின் பெயர் மங்கியதற்கு அதுவும் ஒரு காரணம், அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியதற்கும் அதுவே.

பிறகு என்ன ஆனார்கள்?

டெரெக் ஷுல்மன் இசைத்தட்டு நிறுவனங்களில் அதிகாரியானார். பான் ஜோவி ராக் குழுவை ஒப்பந்தம் செய்தவர் அவர். பிறகு அட்கோ நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றபோது டிரீம் தியேட்டர் குழுவையும் கொண்டுவந்தார். தன் குழுவுக்கு ஹிட் தேடித் தரத் தெரியாத ஆள் அடுத்தவர்களுக்குக் கோடிக்கணக்கில் விற்றுக் கொடுத்தார். ரே தயாரிப்பாளராகி, பாடகி பியோர்க் இருந்த சுகர்கியூப்ஸ் குழுவின் முதல் ஆல்பத்திலும், தி சண்டேஸ் குழுவின் முதல் ஆல்பத்திலும் பணியாற்றினார். அந்தப் பதிவுகளின் தெளிவைக் கேட்டால் இவர் எங்கிருந்து வந்தவர் என்று ஊகிக்கவே முடியாது. 2023 மார்ச்சில் ரே காலமானார்.

இன்றைக்கு யாராவது இவர்களைக் கேட்கிறார்களா?

நீங்களே கேட்டிருக்கலாம், தெரியாமல். ராப் கலைஞர் டிராவிஸ் ஸ்காட்டின் 'யுட்டோப்பியா' ஆல்பம் 2023-இல் வந்தது, அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம். அதன் முதல் பாட்டான 'ஹயீனா'வின் வாசலில் ஒலிக்கும் குரல்கள் ஜென்டில் ஜயன்டுடையவை. 1974-இன் 'தி பவர் அண்ட் தி குளோரி' ஆல்பத்தில் வரும் 'ப்ரொக்ளமேஷன்' பாட்டிலிருந்து எடுத்தது.

அந்த ஆல்பம் நல்லெண்ணத்தோடு பதவிக்கு வந்து கெட்டுப்போகும் ஓர் ஆட்சியாளனின் கதை. நிக்சன் பதவி விலகிய அதே வருடம் வந்தது. 'ப்ரொக்ளமேஷன்' அவன் மக்களிடம் பேசும் முதல் உரை: உங்களிடம் இருப்பதெல்லாம் என் கையால் வந்தது, நிலைமை மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்று வழவழா பேச்சு. ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் அதே இசை திரும்ப வரும், இந்தத் தடவை முரட்டுத்தனமாக, பல்லைக் கடித்துக்கொண்டு. இடையில் என்ன நடந்தது என்பதை வரிகள் இல்லாமலேயே சொல்லிவிடும்.

புரோக் வட்டத்துக்குள் ஸ்பாக்ஸ் பியர்ட் முதலிய குழுக்கள் இவர்களின் குரல் பின்னலை நேரடியாகக் கைக்கொண்டன. இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் பல ஆல்பங்களைப் புதிதாக மிக்ஸ் செய்திருக்கிறார். அந்தப் பதிப்புகளில் குரல்கள் பிரிந்து கேட்கும். 'ஆக்டோபஸ்', 'ஃப்ரீ ஹேண்ட்' இரண்டுக்கும் புது மிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சாதா ஹெட்ஃபோன் போதும்.

அப்படியானால் கூடுதல் அங்கீகாரம் தர வேண்டும் என்கிறீர்களா? ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மாதிரி?

அந்த மண்டபத்தில் கிங் கிரிம்சனும் ஜெத்ரோ டல்லும்கூட இல்லை. அது அளவுகோல் ஆகாது.

நான் தர வேண்டும் என்கிற அங்கீகாரம் வேறு. ஜென்டில் ஜயன்ட் என்றால் 'அடேங்கப்பா, எவ்வளவு கஷ்டமான இசை' என்று வியக்கிறார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் வியப்பதும், வாசிக்கத் தெரியாதவர்கள் பயப்படுவதும் அதே சொல்லால்தான். கஷ்டத்தைப் பாராட்டிப் பாராட்டியே இந்தக் குழுவை ரசிகர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டார்கள். இவர்களுடைய கனிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கெர்ரி மின்னியர் பாடிய மெதுவான பாட்டுகளை வரிசையாகக் கேளுங்கள். குரல் கிட்டத்தட்ட பேச்சளவுக்குத் தணிந்திருக்கும். அந்தத் தணிவுக்குப் பக்கத்தில் டெரெக்கின் கரகரத்த குரல் வந்து நிற்கும்போதுதான் இரண்டுக்கும் அர்த்தம் வருகிறது. கணக்குப் புலிகள் என்ற பட்டம் போய், நல்ல பாட்டு எழுதியவர்கள் என்ற பெயர் வந்தால் எனக்குப் போதும்.

எந்த வரிசையில் கேட்க வேண்டும்?

முதலில் 'ஃப்ரீ ஹேண்ட்'. அது உள்ளே இறங்கிய பிறகு 'ஆக்டோபஸ்'. பிறகு 'பிளேயிங் தி ஃபூல்'. மற்றதை நீங்களே தேடிக்கொள்வீர்கள். ஒரே நாளில் இரண்டு ஆல்பம் வேண்டாம், அஜீரணம் ஆகும். இன்னொன்று, வேறு வேலை பார்த்துக்கொண்டு பின்னணியில் ஓடவிட்டால் இந்த இசை வெறும் சத்தமாகத்தான் இருக்கும்.

அவ்வளவு நேரமெல்லாம் இல்லை. ஒரே ஒரு பாட்டு?

'திங்க் ஆஃப் மீ வித் கைண்ட்னஸ்'. 'ஆக்டோபஸ்' ஆல்பத்தில் கடைசிக்கு முந்தியது. மூன்றரை நிமிடம். பியானோ, கெர்ரியின் குரல், பிரிந்து போகிறவன் சொல்லிவிட்டுப் போகும் நாலு வார்த்தை. நடுவில் பாட்டு நின்று ஓர் ஊதுவாத்தியம் அந்த மெட்டை எடுத்துக்கொள்ளும் இடத்தில் மட்டும் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.